பேய்க்கு வைத்த கண்கள்

பர் துபாய்
14 செப்டம்பர் 2025, ஞாயிறு

அன்புள்ள விஜி அக்காவுக்கு,

சந்தியா எழுதுகிறேன். நான் நலம். நீயும் அத்தானும் உன்னிடம் விட்டுவந்த என் மகியும் நலமா என்று கேட்கத்தான் வேண்டும். ஆனால் நேற்று வீடியோவில் மகியின் ஒழுகுகிற மூக்கைப் பார்த்துவிட்டேன். கற்பூரவள்ளிச் சாறு கொடு. துப்பினாலும் விடாதே.

"கடிதத்தை எழுதி போட்டோ புடிச்சு அனுப்புறியே, இது என்னட்டி கூத்து" என்று கேட்டாய். என்ன செய்வது? ஒரே அறையைப் பலகை வைத்து நான்காகத் தடுத்திருக்கிறார்கள். பலகைக்கு அந்தப் பக்கம் படுக்கிற ராதா என் நர்சரியிலேயே வேலை பார்க்கிறவள். பாலக்காட்டுக்காரி, தமிழ் நன்றாகத் தெரியும். நான் இங்கே தும்மினால் அவள் அங்கே "நூறாயுசு" என்கிறாள். போனில் வாயைத் திறந்தால் மறுநாள் ஹெட் மிஸ் காதில் விழுந்திருக்கும். எழுதினால் உன்னோடும் என்னோடும் போகும். நீயும் எழுதியே அனுப்பு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அக்டோபர் கடைசியில் இங்கே ஹாலோவீன் வரும். வெள்ளைக்காரர்களின் பேய்த் திருநாள். எங்கள் மூன்று வயதுக் குஞ்சுகளுக்கு அதையொட்டித் தொட்டு விளையாடுகிற விளையாட்டு. பூசணிக்காயைத் திறந்து உள்ளே இருக்கும் கொழகொழப்பைக் கையால் அள்ள விடுவோம். நூடுல்ஸை வேகவைத்துக் கறுப்புச் சாயம் போட்டால் புழு. ரப்பர் கையுறைக்குள் தண்ணீர் ஊற்றி உறைய வைத்தால் செத்தவன் கை. நம் ஊரில் பூசணியைத் தலை சுற்றி ரோட்டில் உடைப்போம். இங்கே அதன் குடலை உருவிப் பிள்ளைகளைச் சிரிக்க வைக்கிறார்கள்.

இதில் பேய் என்ற சொல்லே வரக்கூடாதாம், சில பெற்றோருக்குப் பிடிக்காது. சர்க்குலரில் 'இலையுதிர்கால இயற்கை விளையாட்டு' என்று போட்டிருக்கிறார்கள். நாற்பது டிகிரி வெயிலில் இங்கே உதிர்வது என் தலைமுடி மட்டும்தான்.

விளையாட்டுச் சாமான்களைப் பரப்பி வைக்கும் அந்த இயற்கைத் தட்டு முழுக்க என் பொறுப்பு என்று ஹெட் மிஸ் சொல்லிவிட்டார். அக்கா, இது சின்ன விஷயம் இல்லை. ஜனவரியில் ஒரு கிளாஸ் டீச்சர் போகிறார். நான் இதை நன்றாகச் செய்தால் அந்த இடம் எனக்குத்தான் என்று ஜாடையாகச் சொன்னார். டீச்சர் ஆகிவிட்டால் மகியை என் விசாவில் கூட்டிக்கொள்ளலாம், அவளுக்கு இதே நர்சரியில் இலவசமாக இடம் கிடைக்கும். அவள் அப்பா விட்டுப் போன நாளிலிருந்து நான் கும்பிடாத சாமி இல்லை. இதற்காகத்தான்.

மற்றவர்கள் பிளாஸ்டிக் இலை வாங்கி ஒட்டுவார்கள். எனக்கு நீ இருக்கிறாய். இலவம்பஞ்சு, சோளத்தட்டை, வேப்பங்கொட்டை கொஞ்சம் அனுப்பு. அப்புறம் ஒரு கை குன்றிமணி. களிமண்ணில் குட்டிக் குட்டிப் பேய்கள் செய்து பிள்ளைகளையே கண் வைக்கச் சொல்லப் போகிறேன். போன மாதம் மகி நம் சதுர்த்திப் பிள்ளையாருக்குக் குன்றிமணியில் கண் வைக்கிற படம் அனுப்பினாயே, அதைப் பார்த்ததும் தோன்றியதுதான்.

மகியின் இரண்டு கன்னத்துக்கும் என் முத்தத்தைப் பிரித்துக் கொடு.

உன்
சந்தியா


புளியங்குடி
5 அக்டோபர் 2025

என் தங்கம் சந்தியாவுக்கு,

அக்கா எழுதுகிறேன். மகிக்குச் சளி போய்விட்டது, வாய்தான் கூடிவிட்டது. தைக்க வருகிற பொம்பளைகளிடம் எல்லாம் "நான் துபாய் போறேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நீ கேட்டது எல்லாம் தயார். குன்றிமணி வாய்க்கால் வேலியில் கொட்டிக் கிடந்தது. பழுதில்லாததாகப் பொறுக்கி அறுபது எடுத்தேன். உன் வேலை சுலபமாகட்டும் என்று இன்னொன்றும் செய்திருக்கிறேன். இரண்டு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, கோணி ஊசியால் ஒவ்வொன்றிலும் ஓட்டை போட்டு, நிழலில் காயவைத்து அனுப்புகிறேன். குச்சியில் குத்திக் களிமண்ணில் செருகலாம், நூலில் கோத்து மாலையும் செய்யலாம். தையல்காரி அக்காவுக்கு இது பெரிய வேலையா? நாலைந்து தடவை ஊசி வழுக்கிக் கட்டைவிரலில் ஏறிவிட்டது, அவ்வளவுதான்.

பிள்ளைகள் வாயில் போட்டுவிடாமல் பார்த்துக்கொள். போட்டாலும் பதறாதே. நாலு வயதில் நீயே ஒன்றை விழுங்கினவள்தானே? அம்மா அழுது ஊரைக் கூட்ட, மறுநாள் அது போன மாதிரியே முழுசாக வெளியே வந்துவிட்டது. அந்தக் கதையைக் கேட்டதிலிருந்து அத்தான் உன்னைக் குன்றிமணி என்றுதானே கூப்பிடுகிறார்.

பொட்டலத்தைக் கடையநல்லூர் கௌஸ் முகம்மது பாய் கொண்டு வருகிறார். லீவு முடிந்து பதினேழாம் தேதி விமானம் ஏறுகிறார். மீனா பஜாரில் அவருடைய ஜவுளிக்கடை உனக்குத் தெரியுமே, போய் வாங்கிக்கொள்.

நேற்று மகி, "பெரியம்மா, துபாய்ல எனக்குக் கட்டில் இருக்கா?" என்று கேட்டாள். "இருக்கும்டி" என்றேன். "ஒனக்கு?" என்றாள். அதற்கு மேல் அன்று எனக்குத் தையல் ஓடவில்லை. நீ நன்றாக இருக்க வேண்டும், உன் பிள்ளை உன்னோடு இருக்க வேண்டும். அதில் எனக்கு இரண்டு மனசு இல்லை.

அன்பு அக்கா
விஜி


பர் துபாய்
30 அக்டோபர் 2025, வியாழன் சாயங்காலம்

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று என் தட்டுதான் ராஜா. உன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்.

கறுப்புச் சாயம் போட்ட அரிசியைத் தரையாகப் பரப்பினேன். சோளத்தட்டை வேலி, இலவம்பஞ்சு மேகம், நடுவில் முப்பது களிமண் பேய்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு பேயை எடுத்துச் சிவப்புக் கண்ணைத் தாங்களே செருகினார்கள். கறுப்புப் பாப்பா வைத்த அந்தச் சிவப்புக் கண்கள் வரிசையாகப் பார்க்கும்போது எனக்கே உடம்பு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பிள்ளைகளுக்குப் பயமே இல்லை. ஹெட் மிஸ் பத்துப் படம் எடுத்தார். "ஜனவரி பற்றி அடுத்த வாரம் பேசுவோம்" என்றார். அக்கா, படிக்கிறாயா? அடுத்த வாரம்!

ஒரு சின்னப் பொய் சொல்ல வேண்டி வந்தது. வெளியிலிருந்து கொண்டுவரும் செடி, விதை எதுவானாலும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். பஞ்சு, கொட்டை எல்லாவற்றுக்கும் வாங்கினேன், குன்றிமணியை எழுத மறந்துவிட்டேன். சூப்பர்வைசர் ஒன்றைக் கையில் எடுத்து, "பிளாஸ்டிக் பாசிமணியா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். தாளிலும் அப்படியே எழுதிக்கொண்டார். பார்க்க அப்படித்தானே இருக்கிறது.

உம்மு ஹானியைப் பற்றி எழுதியிருக்கிறேன் அல்லவா? காயல்பட்டினத்துப் பிள்ளை. அவள் வாப்பா நிஜாமின் கடை கௌஸ் பாய் கடைக்கு அடுத்தது. தமிழ் பேசுகிறவள் என்பதால் என்னை விடமாட்டாள், இன்று முழுக்க என் மடியில்தான். அந்த வாய் சும்மாவே இருக்காது. சாக்பீஸ், பூசணி விதை, என் துப்பட்டா நுனி, எதுவானாலும் மெல்ல வேண்டும். இரண்டு தடவை வாயில் விரல் விட்டுத் தோண்டினேன். பூசணி விதைதான்.

கடைசியில் சாமான்களை எண்ணி வைப்பது என் டியூட்டி. குன்றிமணி ஐம்பத்தெட்டுதான் இருந்தது. பாயைத் தூக்கிப் பார்த்தேன், அரிசியைச் சலித்தேன், இல்லை. பெருக்கும்போது போயிருக்கும். தாளில் சரி என்று டிக் போட்டுவிட்டேன்.

மகியிடம் சொல், அம்மா கட்டில் பார்க்கத் தொடங்கிவிட்டாள் என்று.

சந்தோஷத்தில் தலைகால் புரியாத
சந்தியா


புளியங்குடி
31 அக்டோபர் 2025, வெள்ளி

சந்தியா,

பன்னிரண்டு தடவை போன் அடித்தேன். எடுக்கவில்லை. டியூட்டியில் போன் லாக்கரில் இருக்கும் என்று தெரியும். அதனால் எழுதுகிறேன். வெளியே வந்ததும் முதலில் இதைப் படி.

கட்டைவிரலில் ஊசி ஏறியது என்று எழுதினேனே, அது ஆறவே இல்லை. வீங்கிக் கறுத்துச் சீழ் வைத்துவிட்டது. இன்று நாட்டு மருந்துக்கடை அழகுமலையிடம் காட்டினேன். "எதைம்மா குத்துனே?" என்றார். குன்றிமணி என்றதும் மனுஷன் தராசைக் கீழே வைத்துவிட்டார்.

"தாயி, முழு மணிய முழுங்குனா அதோட ஓடு காப்பாத்தும், அப்படியே வெளிய வந்துரும். நீ ஊறவச்சு ஓட்டையும் போட்டிருக்கே. உள்ள இருக்கது அம்புட்டும் விஷம். அந்தக் காலத்துல இத அரைச்சுத்தான் மாட்டக் கொல்லுவானுவ. ஊசி பட்டதுக்கே ஒன் கை இப்படி இருக்கே. ஒரு மணி போதும்மா ஒரு பச்சப்பிள்ளைக்கு."

பிள்ளைகள் விளையாடத்தான் அனுப்பினேன் என்று சொன்னபோது அவர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது.

உடனே ஒன்றும் தெரியாதாம். சில மணி நேரம், சமயத்தில் ஒரு நாள்கூடக் கழித்துத்தான் வாந்தி தொடங்குமாம். நீ இரண்டு குறைகிறது என்று எழுதியிருக்கிறாய். அந்த இரண்டும் எங்கே? உம்மு ஹானி இன்று வந்தாளா? வந்தாலும் வராவிட்டாலும் அவள் உம்மாவிடம் சொல். மீதி ஐம்பத்தெட்டையும் பூட்டி வை. நான் அனுப்பியது, நான் ஓட்டை போட்டது என்று என் பேரையே சொல்.

விஜி


பர் துபாய்
1 நவம்பர் 2025, சனி

அக்காவுக்கு,

உன் கடிதத்தை நேற்றே படித்தேன். போனை வேண்டுமென்றுதான் எடுக்கவில்லை. ராதா பலகைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

ஹானி நேற்று வரவில்லை. வியாழக்கிழமை சாயங்காலத்திலிருந்தே வாந்தி என்று அவள் உம்மா ரம்ஸியா கிளாஸ் குரூப்பில் போட்டிருந்தாள். இன்று காலை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். வயிற்றுப்போக்கில் ரத்தம் வருகிறதாம். இதைக் கேட்டதும் உன் மனசு எங்கே ஓடும் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் பொறு. இங்கே இப்போது வயிற்றுக் கிருமி ஊரெல்லாம் சுற்றுகிறது. அதே கிளாஸில் இன்னும் இரண்டு பேர் போன வாரம் படுத்தார்கள், எழுந்தார்கள். அழகுமலை என்ன டாக்டரா?

ஆஸ்பத்திரியிலிருந்து நர்சரிக்குக் கேட்டார்களாம், பிள்ளை எதையாவது விழுங்கியிருக்குமா என்று. சூப்பர்வைசர் அந்தத் தாளை அனுப்பிவிட்டார். அதில் பிளாஸ்டிக் பாசி என்று இருக்கிறது, எண்ணிக்கை சரி என்று என் டிக் இருக்கிறது. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, தொண்டையில் எதுவும் அடைக்கவில்லை என்று விட்டுவிட்டார்களாம்.

இப்போது நான் போய் என்ன சொல்வது? அது விதை, அதில் விஷம், இரண்டு குறைந்தது எனக்குத் தெரியும், பொய்யாகக் கையெழுத்துப் போட்டேன் என்றா? கலாஸ், எல்லாம் முடிந்தது. வேலை போகும், விசா கேன்சல், அதற்கு முன் போலீஸ். மகி இங்கே வருவது இந்த ஜென்மத்தில் இல்லை. கிருமியால் வந்த வயிற்றுப்போக்குக்காக என் பிள்ளையின் வாழ்க்கையை நான் கொளுத்தணுமா?

உன்னிடம் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கோபித்தாலும் சரி. ஓட்டை போடு என்று நான் கேட்டேனா? நீயாகச் செய்தாய். இப்போது சொல் சொல் என்று நெருக்குகிறாய். மகி இங்கே வந்துவிட்டால் உன் வீடு வெறிச்சோடிப் போகும் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் வேலை இழந்து திரும்பினால் யாருக்கு லாபம் என்று நான் யோசிக்காமல் இல்லை.

நாளை காலை ஆஸ்பத்திரிக்குப் போய் ஹானியைப் பார்த்துவிட்டு வருகிறேன். சரியாகிவிடும். அதுவரை நீ யாரிடமும் வாயைத் திறக்காதே. மகி மேல் ஆணை.

சந்தியா


புளியங்குடி
2 நவம்பர் 2025, ஞாயிறு, காலை பதினொன்றரை மணி

சந்தியா,

மகி மேல் ஆணை என்று எழுதியிருந்தாய். அந்த ஆணையை மீறிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

பத்து மணிக்குக் கௌஸ் பாய்க்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கொண்டு வந்த பொட்டலத்தில் இருந்தது குன்றிமணி, நான் ஊறப்போட்டு ஓட்டை போட்டது, இரண்டு குறைகிறது, ஹானி வாயில் போட்டிருக்கலாம் என்று. இங்கே மீதி இருந்த மணிகளைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். அழகுமலையிடம் கேட்டு அதன் ஆங்கிலப் பேரையும் எழுதி அனுப்பினேன். "யா அல்லாஹ், நான்தானேம்மா கொண்டாந்து கொடுத்தேன்" என்றார். கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். டாக்டர் கையில் போனைக் கொடுத்துவிட்டதாக இப்போதுதான் தகவல் வந்தது.

உன் கடிதத்தை நேற்று நாலு தடவை படித்தேன். நீ எழுதியதில் ஒன்று உண்மை. மகி போனால் எனக்கு இந்த வீட்டில் ஒன்றும் இல்லை. அது உண்மை என்பதால் என் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. அதற்காகத்தான் சொல்லத் துடிக்கிறேனோ என்று நாள் முழுக்க என்னையே கேட்டேன். கடைசியில், எதற்காகச் சொன்னாலும் சரி, சொல்லாமல் இருந்தால் அந்தப் பிள்ளை செத்துப்போகும் என்று பட்டது. போனை எடுத்துவிட்டேன்.

நீ என்னைத் திட்டு. பேசாமல் இருக்காதே.

விஜி


பர் துபாய்
23 நவம்பர் 2025, ஞாயிறு

அன்புள்ள விஜி அக்காவுக்கு,

உன்னுடைய ஐந்து கடிதங்களும் வந்தன. ஒன்றுக்கும் பதில் போடவில்லை. இன்று எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

முதலில் நீ கேட்டது. ஹானி பிழைத்துவிட்டாள். ஒன்பது நாள் தீவிர சிகிச்சையில் இருந்தாள். இதற்கு மாற்று மருந்து கிடையாதாம், ஆனால் என்ன விஷம் என்று தெரிந்ததால் எதைக் காப்பாற்ற வேண்டும் என்று தெரிந்தது, இன்னும் ஒரு நாள் போயிருந்தால் கையை விரித்திருப்போம் என்று டாக்டர் கௌஸ் பாயிடம் சொல்லியிருக்கிறார். ஈரல் இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. போன புதன்கிழமை ஜெல்லி கேட்டு அழுதாளாம்.

என்னைப் போலீஸ் இரண்டு தடவை விசாரித்தது. நர்சரி என்னை நீக்கிவிட்டது, விசா கேன்சல். ஹானியின் வாப்பா நிஜாம் காக்கா கேஸ் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். "புள்ள பொழச்சதே போதும், அந்தப் பொண்ண ஊருக்கு அனுப்பிருங்க, என் கண்ணுல படவேண்டாம்" என்றாராம். உன் பேர் எதிலும் வரவில்லை.

நீ செய்தது சரி. இதை எழுத மூன்று வாரம் ஆகியிருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. யாருக்கும் தெரியாது. கௌஸ் பாய் வரும்போது நான் அங்கேதான் இருந்தேன். காலை ஏழு மணியிலிருந்து வார்டு வாசல் பெஞ்சில் ரம்ஸியா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மீதி ஐம்பத்தெட்டும் என் கைப்பையில் இருந்தன. சொல்லத்தான் போனேன் என்று உன்னிடம் சொல்லலாம். நர்சரியில் இருந்து எடுத்து மறைக்கத்தான் பையில் போட்டேன் என்றும் சொல்லலாம். இரண்டில் எது என்று எனக்கே தெரியவில்லை.

ரம்ஸியா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "சந்தியா, நீங்கதானே பக்கத்துல இருந்தீங்க. அன்னைக்கிப் புள்ள எதையும் வாயில போட்டுச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"பிஸ்கட் மட்டுந்தான் சாப்பிட்டா" என்றேன்.

அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். "வயித்துப்போக்குதான், சரியாயிரும்" என்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹானி மூக்கில் குழாயோடு கிடந்தாள். அக்கா, அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அப்புறமும் ஒன்றேமுக்கால் மணி நேரம் அந்தப் பெஞ்சில் இருந்தேன். கௌஸ் பாய் ஓடி வரும்வரை என் வாய் திறக்கவில்லை. அவர் வராவிட்டால் திறந்திருக்குமா என்று ரம்ஸியா கேட்டாள், போலீஸும் கேட்டது. திறந்திருப்பேன் என்றுதான் இரண்டு பேரிடமும் சொன்னேன். உன்னிடம் அப்படிச் சொல்ல முடியவில்லை.

மகியைப் பிரிய முடியாமல் நீ சதி செய்கிறாய் என்று எழுதினேன். அந்த வரியை நீ மறக்க மாட்டாய். நானும் மறக்கப் போவதில்லை. மன்னிப்புக் கேட்டால் நீ மன்னித்துவிடுவாய், அதனால்தான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை திருவனந்தபுரத்தில் இறங்குகிறேன். நீயும் அத்தானும் வர வேண்டாம். நான் வீட்டுக்கு வரவில்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலைக்குச் சொல்லியிருக்கிறேன், ஹாஸ்டலில் இடம் தருகிறார்கள். அங்கே பிள்ளைகள் யாரும் இல்லை.

மகி உன்னிடமே இருக்கட்டும். கொஞ்ச நாளைக்கு என்று சொல்ல மாட்டேன், எத்தனை நாள் என்று எனக்குத் தெரியாது. அவள் ஓடி வந்து என் மடியில் ஏறினால் என்னால் தாங்க முடியாது. வீடியோவுக்கும் கூப்பிடாதே. உன் கட்டைவிரலை நல்ல டாக்டரிடம் காட்டு. மாசாமாசம் அவளுக்கு உள்ளதை அனுப்பிவிடுகிறேன்.

அம்மா எங்கே என்று கேட்பாள். துபாயில்தான் இருக்கிறாள், டியூட்டி முடியவில்லை என்று சொல்.

உன் தங்கை
சந்தியா